மூக்கு மருந்தும் வயது நிரலும்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா,

பழைய ஏடுகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் தங்கள் நேரத்தில் சிறிதளவை இந்தக் குறிப்புக்காகக் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன்பின் கற்றவை யாவும் பழைய செய்தித்தாள்களிலிருந்தும் ஓர் அகராதியிலிருந்தும் நானாகத் தேடிக் கற்றவை. ஆகவே என் வசனங்களில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையின் நெசவுத் தெரு ஒன்றில் பாவு ஓடுவது, அதாவது தறிக்கு நெடுக்கு நூல் பரப்பிக் கொடுப்பது, என் தொழிலாக இருந்தது. பிள்ளைகளின் பீனிச நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அவர்களுடைய உடல் நிறையைக் கூட்டுகிறதா என்று ஒரு மருத்துவர் ஆராய்ந்தபோது, அவருக்காக வீடு வீடாகச் சென்று விபரம் எழுதியவன் நான். அந்த எழுத்தில் ஒரு பிழை விட்டேன். அதன் விளைவாக என் மகளின் வைத்தியம் ஏழு கிழமை நின்றுபோயிற்று. நடந்ததை நடந்தபடி கூறுவதே என் நோக்கம்.

எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைவு. நூலிலிருந்து பறக்கும் பஞ்சும், பாவில் பூசிய கஞ்சி காய்ந்து உதிரும் தூளும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். பிள்ளைகளுக்கு மூக்கடைப்பு வருவது அங்கே பெரிய செய்தியல்ல. என் ஒரே மகளுக்கு வந்தது வெறும் அடைப்பாக நிற்கவில்லை. காலையில் எழுந்தவுடன் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பாள். குனிந்தால் தலை வெடிக்கும் என்பாள். பாடசாலையில் முதல் இரண்டு பாடத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பட்டினத்து ஆசுபத்திரியில் மூக்கு, தொண்டை பார்க்கும் மருத்துவர் ஒருவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். அவர் அவளுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை உப்புத் தண்ணீரால் மூக்கின் உட்புறத்தைக் கழுவினார். தினமும் விழுங்குவதற்குச் சிறிய வெள்ளைக் குளிசைகளும் கொடுத்தார். கழுவும்போது அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருக்கும். ஆயினும் ஓர் ஆண்டுக்குள் காலைத் தலைவலி பெரும்பாலும் போய்விட்டது. சோற்றைக் கேட்டு வாங்கித் தின்றாள். கன்னம் வைத்தது. கடந்த ஆண்டு தைத்த சட்டையின் கையை என் மனைவி பிரித்துத் தைத்தாள்.

கன்னம் வைத்தது என் மகளுக்கு மட்டுமன்று. மருந்து எடுத்த வேறு பிள்ளைகளின் தாய்மாரும் அதையே சொன்னார்கள். மருத்துவர் அதைப் பொழுதுபோக்குக் கதையாக விட்டுவிடவில்லை. பிள்ளைக்கு வயது ஏற நிறையும் ஏறுவது இயற்கை. அந்த ஏற்றத்தைவிட அதிகமாக மருந்தினால் ஏறுகிறதா என்பதை அளந்து பார்க்க விரும்பினார். மருந்து எடுத்த பிள்ளைகளையும், அதே தெருக்களில் மருந்து எடுக்காத பிள்ளைகளையும், ஒத்த வயதில் வைத்து ஒப்பிட வேண்டும். அயலவர் ஒருவருக்காக நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் என் கையெழுத்தைக் கண்டு, அந்த வேலையை என்னிடம் கேட்டார். நான் உடன்பட்டேன். பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டின் சூறாவளி அடித்து மூன்றாவது ஆண்டு அது. ஆசுபத்திரியின் நிறுக்கும் தராசு ஒன்றைச் சைக்கிளின் பின்னால் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு போவேன். சீமெந்துத் தரை உள்ள இடமாகப் பார்த்து வைப்பேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் படிக்கல் ஒன்றை வைத்துத் தராசு சரியா என்று பார்ப்பேன். பிள்ளையின் செருப்பைக் கழற்றச் சொல்வேன், அரைஞாணில் தாயத்தாகக் கட்டிய இசும் தகட்டையும் கழற்றச் சொல்வேன். இரண்டு முறை நிறுத்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே கொப்பியில் எழுதுவேன்.

வயது நிரலை நிரப்புவது அவ்வளவு சிரமமாகத் தோன்றவில்லை. மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பிறந்த திகதி ஆசுபத்திரி அட்டையில் இருந்தது. அங்கே முதன்முதலில் பதியும்போது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டியே ஆக வேண்டும். அதைப் பார்த்து மருத்துவரே வயதைக் குறித்துக்கொண்டார். மருந்து எடுக்காத பிள்ளைகளின் வயதைத் தாயிடம் கேட்டு நான் எழுதினேன்.

"இவருக்கு எத்தின வயசு?" என்று கேட்பேன்.

"வாற நோன்போட எட்டு முடியிது."

"நடுவில் உள்ளவர்?"

"அவன் ஹஜ்ஜி மாசத்துப் புள்ள. அஞ்சு முடிஞ்சி ரெண்டு மாசம்."

ஒரு தாயும் தடுமாறவில்லை. ஆண்டு, மாதம் இரண்டையும் விரல் விட்டுச் சொன்னார்கள். அவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது மீண்டும் கேட்பது மரியாதையாகாது என்று எண்ணினேன். நிறையை இரண்டு முறை பார்த்தவன், வயதை ஒரு முறை கேட்டு எழுதினேன்.

வைகாசி முடியும் தறுவாயில் கொப்பி நிறைந்தது. சில நாள் கழித்து மருத்துவர் என்னை அழைத்து, கட்டம் போட்ட தாளொன்றை மேசையில் விரித்தார். அதில் பென்சிலால் இரண்டு கோடுகள் இருந்தன. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; அவரும் என்னை அப்படியே அழைப்பார்.

"காக்கா, இதைப் பாருங்கோ. சிவப்பு மருந்து எடுத்த பிள்ளையள். நீலம் எடுக்காத பிள்ளையள். கீழ வயது, பக்கத்தில நிறை. என்ன தெரியுது?"

"சிவப்பு மேலே போகுது, டொக்டர்."

"ஓம். அது மட்டுமில்லை. ஆறு வயதில இடைவெளி கொஞ்சம். பத்தில, பன்னிரண்டில விரியுது. மருந்தாலை வாற நிறை வயதோடை கூடிக்கொண்டு போகுது போலை கிடக்கு." தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் முடிவில்லை. வடிவாப் பார்க்கவேணும். ஒருத்தரிட்டையும் கதைச்சுப் போடாதேங்கோ."

நான் ஒருவரிடம் கதைத்தேன். என் மனைவியிடம். அன்று பகற்சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டாள்.

"அப்ப அந்தக் குளிசதான் இவள ஊதவைக்கிது."

"முடிவு இல்லை என்றார்."

"கோட்டுல தெரியிதெண்டு நீங்கதானே செல்றீங்க. நாளைக்கி இவளுக்கு ஒரு வாழ்க்க வரக்குள்ள, பீப்பா மாதிரி வந்து நிண்டா ஆரு பாப்பான்?"

"மூக்கு வருத்தம் திரும்பினால்?"

"வேதுபுடிப்பம். எங்கிட உம்மா ஆக்களெல்லாம் மூக்கோடதான் இரிந்த."

அந்தத் தாளில் இருந்த கோட்டை என் கையால் எழுதிய எண்களே உண்டாக்கியிருந்தன. அவற்றை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. குளிசை நின்றது. கழுவுவதற்கு அழைத்துச் செல்வதும் நின்றது. என் மனைவி கிணற்றடியில் ஒருத்தியிடம் சொன்னாள். ஒரு கிழமைக்குள் தெருவில் பாதிப் பிள்ளைகள் ஆசுபத்திரிக்குப் போகவில்லை.

மூன்றாம் கிழமை மகள் மீண்டும் நெற்றியைச் சுவரில் வைத்தாள். மஞ்சளாகச் சளி வந்தது. நொச்சியும் வேப்பிலையும் போட்டு ஆவி பிடித்தோம். பிடித்த அன்று சுகம், மறுநாள் பழையபடி. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

ரமழான் நோன்பு தொடங்குவதற்கு முந்திய நாள். என் மனைவி அரிசி இடித்துக்கொண்டிருந்தவள், மகள் இந்த முறை நோன்பு பிடிப்பாள் என்று சொன்னாள். எங்கள் வீடுகளில் பத்து வயதானால் பிள்ளையை நோன்பு பிடிக்கப் பழக்குவது வழக்கம்.

"தலை நோவோடு வேண்டாம்" என்றேன். "அவளுக்கு இன்னும் பத்து ஆகவில்லை. அட்டையில் ஒன்பது என்றுதான் இருக்கிறது."

"அட்டைல என்னத்தயும் எழுதுவானுகள். பெத்தவ நானா, அட்டையா? இந்த நோன்பு பிற பதினேழோட பத்து முடியிது. ஒவ்வொரு நோன்பா எண்ணிக்கிட்டு வாறன்."

"பிறப்புப் பத்திரத்தில் கார்த்திகை மாதம்."

"பத்திரம் பிழ."

பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். அதில் பிழை இல்லை. அவள் பிறந்த மூன்றாம் நாள் நானே போய்ப் பதிந்தது. நாங்கள் கார்த்திகை என்னும் நவம்பர் மாதம் என்று தெளிவாக இருந்தது. அன்று நோன்பு பிடித்துக்கொண்டே பதிவாளரின் வாசலில் வரிசையில் நின்றதும் நினைவுக்கு வந்தது. அவள் பிறந்த நோன்பு நவம்பரில் வந்தது. இப்போது நோன்பு யூலையில் வந்திருக்கிறது.

மனைவியும் பிழையாக எண்ணவில்லை. பத்து நோன்பு கண்ட பிள்ளை அவள். ஆனால் பிறை ஆண்டு, நாட்காட்டி ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைந்தது. பத்து ஆண்டில் அது மூன்று மாதத்துக்கும் மேல். தாய் சொல்லும் வயதுக்கும் அட்டை சொல்லும் வயதுக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருந்தது.

மருந்து எடுத்த பிள்ளைகளின் வயது அட்டையிலிருந்து வந்தது, அது நாட்காட்டி வயது. மருந்து எடுக்காத பிள்ளைகளின் வயது தாய்மார் வாயிலிருந்து வந்தது, அது பிறை வயது. பத்து என்று நான் எழுதிய பிள்ளைக்கு உண்மையில் பத்து ஆகவில்லை. இளைய பிள்ளையை மூத்த பிள்ளையோடு ஒரே கட்டத்தில் நிறுத்தினால், இளையது நிறை குறைந்துதான் இருக்கும். ஆறு வயதில் அந்தப் பிசகு இரண்டு மாதம், பன்னிரண்டில் நான்கு மாதம். கோடுகள் வயதோடு விரிந்தது அதனால்தானோ என்ற எண்ணம் வந்தது.

மனைவியிடம் விளக்கினேன். அவள் உலக்கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்ப குளிச கூடாதெண்டு செல்லினதும் நீங்க. இப்ப குளிச நல்லமெண்டு செல்றதும் நீங்க."

"நல்லது என்று சொல்லவில்லை. கூடாது என்று காட்டிய கணக்கு பிழை."

"அப்ப திருத்தி எழுதிட்டு வாங்க. அதுக்குப் பிறகு பாப்பம். ஒரு மனிசன்ட பேச்சுக்கு ஒரு புள்ளய எத்தின தரம் திருப்புற?"

அவள் கேட்டது நியாயம். மறுநாள் காலை பஸ்ஸில் போய் மருத்துவரைக் கண்டேன். அவர் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் நாட்காட்டி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதில் இரண்டு ஆண்டும் பக்கம் பக்கமாக அச்சிட்டிருக்கும். அதை வைத்துக் காட்டியதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் முஸ்லிம் ஆள்தானே, காக்கா. உங்களுக்கு இது தோன்றேல்லையோ?"

"இல்லை, டொக்டர். அதுதான் எங்களுக்கு வயது. அதில் தோன்ற என்ன இருக்கு?"

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒருவேளை இலகுவாக இருந்திருக்கும். "நானும் கேட்டிருக்கவேணும், என்ன ஆண்டெண்டு" என்றார். பிறகு, "மகளுக்கு எப்பிடி?" என்று கேட்டார். வைத்தியத்தை நிறுத்தியதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "கணக்குக்குக் காத்திராதேங்கோ. நாளைக்கே கொண்டு வாங்கோ. உந்தச் சளி கண்ணுப் பக்கம் ஏறினால் விளையாட்டில்லை."

வீட்டுக்கு வந்து அவ்வாறே சொன்னேன். மனைவி இணங்கவில்லை. திருத்திய கணக்கைக் காட்டு என்ற இடத்திலேயே நின்றாள். வலிந்து கூட்டிச் சென்றிருக்கலாம். நான் அதைச் செய்யாமல் கணக்கைத் திருத்தப் புறப்பட்டேன். இன்றுவரை எனக்கு விளங்காதது இதுதான். எழுத்தைச் சரிசெய்தால் மற்றவை தாமாகச் சரியாகும் என்று அன்று நம்பினேன்.

மீண்டும் வீடு வீடாகப் போனேன். இம்முறை தராசு இல்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டுமாறு கேட்டேன்.

"அண்டைக்கி புள்ளய நிறுத்தீங்க, இண்டைக்கி வயச நிறுக்க வந்தீங்களாக்கும்" என்றாள் ஒருத்தி. உள்ளே சிரிப்புக் கேட்டது.

"எங்கிட கடுதாசியெல்லாம் சூறாவளியோட போன காக்கா. கூரையே போன, கடுதாசி நிக்குமா?" என்றாள் மற்றொருத்தி.

பத்திரம் இல்லாத வீடுகளில் பிறந்த மாதத்தையும் பிறையையும் கேட்டு, பள்ளிவாசலில் வைத்திருந்த பழைய நாட்காட்டிகளைப் புரட்டி, நாட்காட்டித் திகதியைக் கண்டுபிடித்து எழுதினேன். நோன்பு வாயோடு வெயிலில் அலைந்ததால் ஒரு நாளைக்குச் சில வீடுகளே முடிந்தன.

பதினைந்தாம் நோன்பன்று பகல் நான் வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு ராத்தா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"புள்ளட ஒரு கண் மூடிட்டு, தம்பி. இமை கொய்யாப்பழம் மாதிரி வீங்கின. உங்கிட பொண்டாட்டி தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கிப் போயிட்டா."

"யாரோடு?"

"ஆரோட? அவவும் புள்ளயும்தான். உங்களத் தேடி ஆள் அனுப்பின. நீங்க எந்த வீட்டுல இரிந்தீங்களோ."

நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் இமையின் மேல் சிறிதாகக் கீறிச் சீழை எடுத்து முடித்திருந்தார். மகள் கட்டுப் போட்ட கண்ணோடு உறங்கிக்கொண்டிருந்தாள். மனைவி கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். கையில் கொப்பியோடு வந்து நின்ற என்னைப் பார்த்தாள். இன்னும் சில வீடுகள் மட்டுமே மீதி என்று சொன்னேன்.

"நீங்க அத முடிங்க" என்றாள். "நான் இதப் பாக்கிறன்."

மருத்துவர் என்னை வெளியே அழைத்துச் சென்று, கண்பார்வை போகாது என்று நம்புவதாகவும், இரண்டு நாள் பொறுத்தே உறுதியாகச் சொல்லலாம் என்றும் கூறினார். அந்த இரண்டு நாளும் நான் வீடுகளுக்குப் போகவில்லை. ஆசுபத்திரி விறாந்தையில் இருந்தேன். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்து, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்திய வரி வரை படித்தாள். மற்றக் கண்ணாலும் அவ்வளவுதான் படித்தாள். மனைவி அப்போதுதான் எழுந்து போய் முகம் கழுவினாள்.

கழுவுதலும் குளிசையும் மீண்டும் தொடங்கின. திருத்திய கணக்கை அவள் கேட்கவேயில்லை.

நோன்புப் பெருநாளுக்குப் பின் வேலையை முடித்துக் கொடுத்தேன். மருத்துவர் புதிய தாளில் கோடுகளை வரைந்தார். சிவப்பு சில வயதுகளில் மேலே நின்றது, சிலவற்றில் கீழே. வயதோடு விரிந்துபோன அந்த இடைவெளி காணப்படவில்லை.

"அப்ப மருந்து நிறையைக் கூட்டாதா, டொக்டர்?"

"அப்பிடி நான் சொல்லேல்லை. எங்கடை கணக்கு அதைக் காட்டேல்லை. அவ்வளவுதான் சொல்லலாம்."

அந்த வேறுபாட்டை நான் அன்று சரியாக மதிக்கவில்லை. இப்போது மதிக்கிறேன். தெருவில் அது எடுபடவில்லை. குளிசை ஊதவைக்கும் என்ற பேச்சு சில நாளில் பரவியது. அது மறைவதற்கு ஆண்டுகள் ஆயின. சில தாய்மார் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துச் செல்லவே இல்லை. நான் சென்று சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள், போகவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் ஒரு நிரலிலும் எழுதி வைக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாட்டு நிலைமை கெட்டது. மருத்துவர் மாற்றலாகிப் போனார். திருத்திய கொப்பி அவரோடு போயிற்று. முதற் கொப்பி என்னிடம் தங்கிவிட்டது. என் மகள் வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளைகள் பெற்றாள். முப்பது வயதுக்கு மேல் அவள் உடம்பு வைத்தது உண்மை. அவளுடைய தாய்க்கும் அந்த வயதில் அப்படியே வைத்தது. குளிசை ஒன்றையும் கண்டறியாத என் தங்கைக்கும் வைத்தது. யாராவது அதற்குக் காரணம் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். அவளுடைய இமையில் ஒரு சிறு கோடு இருக்கிறது. கண்ணுக்குச் சுறுமா மை இட்டால் தெரியாது.

என்னிடம் உள்ள முதற் கொப்பியை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் நிறைகள் சரியானவை. மருந்து எடுக்காத பிள்ளைகளின் வயதுகள் மட்டும் பிறை ஆண்டில் உள்ளன. அறியாத ஒருவர் அதை நாட்காட்டி வயது என்று எடுத்து மீண்டும் கோடு வரையக் கூடாது. ஆகவே இக்குறிப்பை அந்தக் கொப்பியிலிருந்து பிரிக்காமல் பாதுகாத்து வைக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.